தொடாத பட்டை

"பதினொண்ணாவது பட்டை ஒண்ணு போட்டுக் குடு அம்மிணி. வண்டி ஆடவே கூடாது."

சீரங்கன் கேட்டார். கேட்டவருக்கு ஐம்பது தாண்டியாச்சு. கேட்கப்பட்ட ரெஜினாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

மலை அடிவாரத்தில் பட்டறை வைத்துக் கமான் பட்டை கட்டுகிறவள் அவள். வண்டியின் பின்னச்சில், வில் மாதிரி வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்குமே இரும்பு, அதுதான் கமான் பட்டை. பாரம் முழுக்க அதன் தலையில்தான்.

டிரைவர்கள் சந்தேகம் கேட்டு அவளிடம்தான் வருவார்கள். பாதிப் பேருக்குப் பதில் சொல்வாள். மீதிப் பேர் பேசி முடிப்பதற்குள் டீ குடிக்கப் போய்விடுவாள்.

ரெஜினா குனிந்து பிக்கப்பின் அடியில் பார்த்தாள்.

"இப்பவே பத்து இருக்குதுங்களேணா."

"பத்து," என்றார் சீரங்கன். மீசை தானாக நிமிர்ந்தது.

அந்த அடிவாரத்தில் அது ஒரு கௌரவம். புதிதாக ஒருவன் வந்தால் எந்த ஊர் என்று கேட்க மாட்டார்கள். எத்தனை பட்டை என்று கேட்பார்கள். பின்பக்கம் தொங்கினால் ஒன்று சேர்ப்பது. மறுபடி தொங்கினால் இன்னொன்று. சேர்த்ததை எடுத்தவன் என்று ஒருத்தன் கிடையாது.

"பத்தும் போதாம என்ன குறை?"

சீரங்கன் தொண்டையைச் செருமினார்.

"மேல சிமெண்டு ஏத்திட்டுப் போறப்ப ஒரு குறையும் இல்ல. காலியா எறங்கறப்பத்தான் குதிக்குது. நாளைக்கு எம்மகளக் கீழ கூட்டியாரணும். நிறைமாசம். நஞ்சுக்கொடி கீழ எறங்கி நிக்குதாம். படுக்க வெச்சுத்தான் கொண்டாரணும், குலுங்குனா உசுருக்கு ஆபத்துன்னு நர்சம்மா சொல்லிருச்சு. அந்தக் கல்ரோட்டுல ஆம்புலன்ஸ் ஏறாது."

"மக என்ன சொல்லுது?"

"உங்க வண்டியில வர்றதுக்கு நான் இங்கயே கெடந்துக்கறேங்கறா."

"சரி. அதுக்கு எதுக்குப் பட்டை?"

"ஆட்டம் நிக்கத்தான். இன்னும் கெட்டியாக் கட்டினா ஆடாதில்ல?"

ரெஜினா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சாவியக் குடுங்க. பின்னாடி ஏறிப் படுங்க."

"எதுக்கு?"

"படுங்கணா."

படுத்தார். அவள் வண்டியை எடுத்தாள். ரோட்டில் போகவில்லை. நேராகக் காய்ந்த ஓடைக்குள் விட்டாள்.

ஓடை முழுக்கக் கல். முதல் கல்லில் சீரங்கன் மேலே போனார். இரண்டாவது கல்லில் கீழே வந்தார். நடுவில் எங்கே இருந்தார் என்று அவருக்கே தெரியாது.

"நிறுத்து! அடி நிறுத்து!"

நிறுத்தவில்லை. அக்கரை ஏறி, திரும்பி, மறுபடி ஓடையில் இறங்கிப் பட்டறைக்கு வந்துதான் நின்றாள்.

சீரங்கன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். பாக்கெட்டில் பாதிப் பீடி காணோம்.

"வேணும்னே கல்லு மேல வுட்ட."

"வுட்டேன். பத்துக்கே இந்தக் குதி. பதினொண்ணு போடட்டுங்களா?"

வண்டியைச் சுற்றி வந்து, அவரே ஜாக்கியை எடுத்துக் கொடுத்தார்.

பட்டைகள் ஒவ்வொன்றாகக் கழன்று மண்ணில் விழுந்தன. சத்தம் கேட்டு டீக்கடையிலிருந்து செங்கோடன் வந்தான். அவனும் பிக்கப் ஓட்டுகிறவன்தான். அவனுக்கு ஒன்பது பட்டை.

"என்னங் மாமா, வண்டிக்கு மொட்டையா? எந்தக் கோயிலுக்கு வேண்டுதல்?"

"போடா அந்தப் பக்கம்."

"வலிக்குதுங்களா மாமா?"

வலித்தது. ஒவ்வொன்றும் எந்த வருசம் போட்டது என்று அவருக்குத் தெரியும்.

வண்டி வாங்கும்போது கூட வந்த பட்டைகளை மட்டும் ரெஜினா விட்டுவைத்தாள். அதற்குக் கீழே புதிதாக ஒன்றை வைத்துக் கட்டினாள். தடியான பட்டை. வளைவே இல்லை, பலகை மாதிரி நேராக இருந்தது. நடுவில் இறுக்கியிருந்தாள். ஆனால் அதன் இரண்டு முனைகளுக்கும் மேல் பட்டைகளுக்கும் நடுவே மூன்று விரல் நுழைகிற இடைவெளி.

சீரங்கன் விரலை விட்டுப் பார்த்தார்.

"அம்மிணி, இது தொடவே இல்ல."

"ஆமாங்க."

"தொடாத பட்டை எதுக்கு? சும்மாதான தொங்குது?"

"சும்மாதான்."

"இருக்கறதுலயே இதுதான் தடி. இது சும்மா இருந்தா பாரத்த ஆரு தாங்கறது?"

ரெஜினா டீ குடிக்கப் போய்விட்டாள்.

செங்கோடன் சிரித்த சிரிப்பு குடோன் வரைக்கும் அவர் காதிலேயே இருந்தது. ஏமாந்துட்டோம். பொடுசு ஒருத்தி பேச்சைக் கேட்டு, சேர்த்த பட்டையெல்லாம் தொலைச்சாச்சு. திரும்பிப் போய் மாட்டவும் நேரமில்லை. விடிந்தால் மகளை ஏற்றியாக வேண்டும்.

காலையில் குடோனில் சிமெண்டு ஏற்றினார்கள். ஒரு வரிசை முடிந்ததும் குனிந்து பார்த்தார். வண்டி கொஞ்சம் தாழ்ந்திருந்தது. இடைவெளி இரண்டு விரலானது. அடுத்த வரிசைக்கு ஒரு விரல்.

"என்னங்க அடியில? பாம்பு கீம்பா?" என்றான் லோடுமேன்.

"நீ ஏத்துடா."

கடைசி வரிசை. விரல் நுழையவில்லை. தடிப்பட்டை மேலே இருந்தவற்றோடு அப்படியே ஒட்டி நின்றது. வண்டி அதற்குமேல் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

சீரங்கன் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்புறம் எழுந்து ஓடிப் போய் வண்டியை எடுத்தார்.

ஏற்றத்தில் பின்பக்கம் உட்காரவில்லை. முன்பக்கம் தூக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்தார். எதிரில் ஒரு வண்டியும் இல்லை. இருந்தாலும் அடித்தார்.

மேலே போய் மூட்டைகளை இறக்கியதும் முதல் வேலையாக அடியில் படுத்துப் பார்த்தார். மறுபடி மூன்று விரல். தடிப்பட்டை ஒன்றும் நடக்காத மாதிரி தனியாகக் கிடந்தது; காலி வண்டியைத் தாங்க மேலே இருந்த பழைய பட்டைகள் மட்டும்தான்.

வண்டியைக் கழுவி, வைக்கோல் பரப்பி, அதன்மேல் மெத்தை போட்டார். மகள் நவமணி ஒருக்களித்துப் படுத்தாள். பயத்தில் முகம் வெளுத்திருந்தது. அவள் மாமியார் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அந்தம்மாவுக்குச் சம்பந்தியின் வண்டி மீது துளியும் நம்பிக்கை இல்லை.

"இந்தா பாருங்க. ஒரே ஒரு குலுங்கு குலுங்கட்டும், கேபின்ல ஓங்கித் தட்டுவேன். அங்கயே நிறுத்திருங்க. ஆளுங்களக் கூப்பிட்டுக் கட்டில்ல தூக்கிட்டுப் போயிக்கறோம்."

"தட்டுங்க."

இறங்கினார். கல்ரோடு. வழி நெடுக அவர் காது முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. முதல் பள்ளம். தட்டவில்லை. ஊற்றுப் பக்கத்தில் மழை அறுத்துப்போட்ட பெரிய குழி. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டார். தட்டவில்லை.

பாதி மலைக்கு அப்புறம் அவருக்குப் பயம் வந்தது. ஏன் தட்டவே இல்லை? பேச்சுச் சத்தமும் காணோமே? நிறுத்திப் பார்க்கலாமா? நிறுத்தினால் நேரம் போகும். வியர்வை கண்ணில் இறங்க, துடைக்காமல் ஓட்டினார்.

தார்ரோடு வந்தது. ஆஸ்பத்திரி வந்தது. நிறுத்திவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் பின்னால் ஓடினார்.

சம்பந்தியம்மா வாயைத் திறந்து போட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

நவமணி கண்ணைக் கசக்கினாள்.

"என்னப்பா, இன்னும் கெளம்பலையா?"

பின்னால் ஸ்ட்ரெச்சர் உருண்டு வரும் சத்தம் கேட்டது.

"எந்திரி கண்ணு," என்றார் சீரங்கன். "வந்து சேர்ந்தாச்சு."