சாட்சி இல்லாதவள்

பஞ்சத்தின் இரண்டாவது கோடை. அரசுக் களஞ்சியத்தின் காவல் தலைவன் மருதப்பன், தன் குருவைத் தேடி ஆற்றங்கரை மடத்துக்கு வந்தான். நரைத்த மீசை, கையில் ஈட்டி. வந்தவன் உட்காரவில்லை.

"சாமி, ஒரு பொம்பளை. விடியறதுக்கு முன்னாடியே வந்து வரிசையில முதல் ஆளா நிக்கிறா. நெல்லு கொடுக்க முடியல."

"ஏன்?"

"இவ எங்க ஊர்க்காரின்னு ஊர்த்தலைவர் வந்து சாட்சி சொல்லணும். அரசாணை அப்படி. அவ ஊர்த்தலைவர் பட்டினியில செத்துட்டாராம்."

குரு ஒரு சுள்ளியை ஒடித்து அடுப்பில் வைத்தார். பானையில் கொதித்தது வெறும் தண்ணீர்.

"திருப்பி அனுப்பினா வையுறாளா?"

"வைதா தேவலையே. கதவு மேல இருக்கிற அரச முத்திரையைக் கும்பிட்டுட்டுப் போறா. மறுநாள் வந்து நிக்கிறா."

"அவளுக்கு முத்திரையைத் தெரிஞ்சிருக்கு."

மருதப்பன் ஈட்டியைக் கை மாற்றிப் பிடித்தான்.

"நீயே சாட்சி சொல்லேன்" என்றார் குரு.

"எனக்கு அவளைத் தெரியாதே, சாமி."

"அப்ப தினமும் யாரைத் திருப்பி அனுப்புற?"

மருதப்பன் திரும்பி நடந்தான். ஆணை என்ன ஆனாலும் சரி, நாளைக்கு நாமே சாட்சி சொல்லிவிடுவது என்று வழியிலேயே முடிவு செய்தான்.

மறுநாள் காலை அவன் போய்ச் சேரும்போது இன்னொரு காவலன் கதவருகே நின்றிருந்தான்.

"அண்ணே, முதல் ஆள் நகர மாட்டேங்குது. தள்ளட்டுமா?"

அவள் கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெல் வாங்க முந்தானையை மடியில் விரித்திருந்தாள். கண் திறந்திருந்தது. உயிர் இல்லை.

"தாராளமா தள்ளுங்க" என்றார் அவளுக்குப் பின்னால் நின்ற கிழவர். "சாகறதுக்குச் சாட்சி கேக்க மாட்டீங்களே."

"இவளை எனக்குத் தெரியும்" என்றான் மருதப்பன்.

ஒருவரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாட்சி உள்ளவர்களும் அன்று நெல் வாங்கவில்லை. நாலு பேர் அவளைத் தூக்கினார்கள். வரிசை முழுக்க அவர்கள் பின்னால் போனது. முத்திரையை யாரும் கும்பிடவில்லை.

அடுத்த நாள் உச்சிப்பொழுதில் மருதப்பன் மறுபடி மடத்துக்கு வந்தான்.

"இன்னைக்கு ஒருத்தரும் வரல, சாமி. வாசல் வெறிச்சோடிக் கிடக்கு. அதிகாரி என்னடான்னா காவலை இரட்டிப்பா போடச் சொல்றாரு. ஆளே வராத வாசலுக்கு எதுக்குக் காவல்?"

குரு அடுப்பை அணைத்தார்.

"இத்தனை நாளா வரிசையில நின்னு அந்தக் கதவைக் காத்தவங்க நேத்துப் போயிட்டாங்களே, மருதப்பா."