தீயும் ஈயும்

பல்லடம் பக்கத்தில் பஞ்சு மில் நடத்தும் வரதப்பன் எதையும் பேரம் பேசாமல் வாங்கியதில்லை. தீ அலாரப் பெட்டியைச் சரிபார்க்க வந்த மேகலாவையும் அவர் விடவில்லை.

"இதோ நிக்கறானே என் தம்பி, இவன் மில்லுல புதுப் பெட்டி. தீப்பிடிச்சா போனுக்கே சேதி வருது. அதுக்குள்ள ஓடற ஃபர்ம்வேர் புரோகிராமை அப்படியே என் பெட்டியில ஏத்திரு அம்மிணி. புதுசு எதுக்கு வாங்கோணும்?"

"அது வேற மாடலுங்க. மாத்தி ஏத்தினா வேலைக்காகாதுங்க."

"ஒரே கம்பெனிதான? நானும் தம்பியும் ஒரே டாக்டர்கிட்ட ஒண்ணாப் பல்செட் கட்டி விலையைக் குறைச்சவங்க. எனக்கே சொல்லித்தாறயா? ஏத்தலீன்னா உன் வேலை போயிரும், பாத்துக்கோ."

மேகலா லேப்டாப்பைத் திறந்தாள். "ஏத்தறேனுங்க. அதுக்கு முன்னாடி சின்னவர் பல்செட்டை மாட்டிக்கிட்டு, 'தீ'ன்னு ஒருக்கா கத்திக் காட்டுங்க. ஒரே டாக்டர்தானுங்களே."

பக்கத்தில் நின்ற தம்பி சிரித்துவிட்டார். வேலையாட்கள் வேறு பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரதப்பனுக்கு வீம்பு வந்துவிட்டது. தன் பல்செட்டைக் கழற்றிவிட்டு, தம்பியின் பல்செட்டை வாங்கிக் கழுவி, வாய்க்குள் திணித்துக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"ஈ..."

மறுபடி கத்தினார். மறுபடியும் ஈதான்.

"பெட்டியும் இப்படித்தானுங்க," என்றாள் மேகலா. "வெளக்கு எரியும், நல்லா இருக்கற மாதிரியே தெரியும். பஞ்சு பத்திக்கறப்ப 'ஈ'ங்கும். உள்ள இருக்கற சனம் ஈ ஓட்டிக்கிட்டு உக்காந்திருக்கும்."

மில்லே சிரித்தது. வரதப்பன் தன் பல்லை மாட்டிக்கொண்டு புதுப் பெட்டிக்கு விலை கேட்டார். மேகலா சொன்ன விலையில் பேரம் பேச அவர் வாயே திறக்கவில்லை.