காலி நாற்காலிகளுக்கு வாசித்தவர்

இந்தக் கதையில் ஓர் இடத்தில் நீங்கள் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். அந்த இடம் இது இல்லை. அடுத்ததும் இல்லை. வரும்போது நானே சொல்கிறேன். அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருங்கள்.

திருச்சி பொன்மலையில், ஒரு டயர் கடை மாடியில், ஒரு குரு இருந்தார். பெயர் பெனிட்டா. கிட்டார் சொல்லித் தருகிறவர். அவருக்கு எங்களைப் போலப் பள்ளிக்கூடத்துச் சீடர்கள் நிறைய. அவர்களுக்கு நடுவே ஒரு சீடர், பெயர் அருள்சகாயம். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவைவிடச் சீடரின் மூத்த மகளுக்கு வயது அதிகம். அச்சுப்பிழை இல்லை, அப்படித்தான்.

சீடர் வகுப்புக்கு வருமுன் அவருடைய தைலம் வந்துவிடும். மாடிப்படி முழுக்க யூகலிப்டஸ். பிறகு முழங்கால் வரும், படிக்கு ஒரு 'டக்'. அதற்குப் பிறகுதான் ஆள். மூக்கில் ஒரு கண்ணாடி, கிட்டத்தில் பார்க்க. நெற்றியில் ஒரு கண்ணாடி, தூரத்தில் பார்க்க.

"வணக்கம் மிஸ். பாத்ரூம் காலியா?"

எந்நாளும் இதுதான் அவருடைய முதல் சந்தேகம்.

மூன்று வருடமாக வாசிக்கிறார். கம்பியை அழுத்தி அழுத்தி இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துப் போயிருந்தது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. பென்ஷன் வாங்குகிறவர்கள், தாங்கள் இன்னும் உயிரோடு இருப்பதாக வருடா வருடம் ரேகை வைக்க வேண்டும் இல்லையா? நவம்பரில் போனார். விரலை வைத்தார். மெஷின் 'கீ' என்றது. துடைத்துவிட்டு வைத்தார். மறுபடியும் 'கீ'.

"சார், மெஷின்ல நீங்க உயிரோட இல்ல," என்றார் கவுன்ட்டர்க்காரர், வாய் நிறைய வெற்றிலையோடு.

"கிட்டார் வாசிக்கிறேன் சார். ரேகை தேஞ்சிருக்கும்."

"வலது கைய வைங்க."

வைத்தார். பச்சை விளக்கு.

"வலது கை இருக்கு. இடது கை போய்ச் சேந்துருச்சு. பாதிப் பென்ஷன் போட்டுரவா?"

இதை வகுப்பில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார். விரலைத் தொட்டுப் பார்க்கவும் கொடுத்தார். அப்படிப்பட்ட விரல்!

இங்கே சிரித்துவிட்டீர்களா? அவசரம். மிச்சம் வையுங்கள்.

மாடியில் அவர் வாசித்தால் கேட்டுக்கொண்டே இருக்கலாம். எஃப் கார்டு என்று ஒன்று உண்டு. ஆட்காட்டி விரலைக் குறுக்கே படுக்கப்போட்டு ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் நசுக்க வேண்டும். எங்களில் பாதிப் பேர் அதற்கு அழுதிருக்கிறோம். அவர் அதை அலட்சியமாகப் பிடிப்பார். பிடித்துவிட்டு, "முழங்காலத் தவிர எல்லாம் மடங்குது மிஸ்," என்பார்.

ஆனால் போன வருட ஆண்டு விழாவில், மேடையில், கை நடுங்கியது. லேசாக இல்லை. கிடுகிடுவென்று. கம்பியை மீட்டுகிற சின்ன பிளாஸ்டிக் வில்லை, பிக், கையிலிருந்து நழுவி, கிட்டார் ஓட்டை வழியாக அதன் வயிற்றுக்குள் விழுந்தது. அவர் கிட்டாரைக் கவிழ்த்துப் பிடித்து உலுக்கினார். உள்ளே கடகடவென்று சத்தம் வந்ததே தவிர, பிக் வரவில்லை. இதுவும் நிகழ்ச்சிதான் என்று நினைத்துப் பின்வரிசை கைதட்டியது. அவர் இறங்கிப் போனார். ஒரு மாதம் கிட்டாரைத் தொடவில்லை.

அப்புறம் டாக்டர்கள்.

முதல் டாக்டர் மூக்கால் பேசுகிறவர். "ம்ம்ம்... சுகர் பாப்போம். ம்ம்ம்... தைராய்டும் பாப்போம்." பார்த்தார்கள். ஒன்றும் இல்லை.

நரம்பு டாக்டருக்கு அவசரம். "மூக்கத் தொடுங்க. என் விரலத் தொடுங்க. மூக்கு. விரல். மூக்கு. போதும். நரம்பு நல்லாருக்கு. வயசு சார், வயசு! அடுத்த ஆள்!"

வீட்டில் ஸ்டெல்லா அம்மா, அவருடைய மனைவி, கறிவேப்பிலை உருவிக்கொண்டே தீர்ப்புச் சொன்னார். "ஊர்ல இருக்கறவன்லாம் இந்த வயசுல வாக்கிங் போறான். உங்களுக்கு மட்டும் என்ன டொய்ங் டொய்ங்?"

சீடர் குருவிடம் வந்தார். அன்று பாத்ரூம் பற்றிக்கூடக் கேட்கவில்லை.

"மிஸ், ஒரே ஒரு கேள்வி. என் கை நடுங்கறது வயசாலயா, பயத்தாலயா?"

"எதுவா இருக்கணும்னு நினைக்கிறீங்க சார்?"

"பயம்னா சண்டை போடலாம். வயசுன்னா யாரோட போடறது? கௌரவமா இறங்கிர வேண்டியதுதான். இந்த வருஷ விழாவப் பாத்துட்டு முடிவு பண்றேன். அதுலயும் நடுங்குச்சுன்னா, கிட்டாரை மச்சான் பையனுக்குக் குடுத்துடறேன். அவனும் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"அவன் வாசிப்பானா?"

"செவுத்துல மாட்டுவானாம். அழகா இருக்குமாம்."

குரு ஒரு கம்பியை முறுக்கினார். தட்டிப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் முறுக்கினார்.

"சனிக்கிழமை பதில் சொல்றேன் சார்."

"சனிக்கிழமை விழாவாச்சே!"

"விழா அஞ்சு மணிக்கு. நீங்க மட்டும் மூணரைக்கு வாங்க. பின்பக்கமா வாங்க. மைக் டெஸ்ட் பண்ணணும்."

"மூணரைக்கு சர்ச் மண்டபத்துல ஈ, காக்கா இருக்காதே மிஸ்."

"அதான் சார் நல்லது."

சீடருக்கு அதில் துளிக்கூடச் சந்தேகம் வரவில்லை. எப்படி வரும்? நம் ஊரில் ஐந்து மணி என்று சொன்னால் ஐந்தரைக்குக் குளிக்கப் போவார்கள், ஆறரைக்கு வந்து 'இன்னும் ஆரம்பிக்கலயா?' என்பார்கள். ஆயுள் முழுக்க ரயிலுக்குக் கொடி காட்டியவருக்கு இது தெரியாதா?

குருவுக்கும் தெரியும். அதனால் எங்கள் வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாக ஃபோன் போட்டார். "விழா ரெண்டு மணிக்குங்க. கரெக்டா வந்துருங்க." சனிக்கிழமை மூன்றேகாலுக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. கணக்கு சரிதானே!

குரு மேடையில் ஏறி நின்றார். குரல் ரகசியமாக இருந்தது, ஆனால் கடைசி வரிசைவரை கேட்டது.

"அருள்சகாயம் சார் இப்ப வருவார். மண்டபம் காலின்னு நினைச்சு வாசிக்கப் போறார். ஒரு சத்தம் வந்தாலும் கிட்டாரை மூடி எடுத்துட்டுப் போயிருவார். அப்புறம் வரவே மாட்டார். இருமல் இருக்கறவங்க வராந்தாவுக்குப் போயிருங்க. செருப்பக் கழட்டிருங்க. கைதட்டணும்னா இப்படி."

இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, சத்தமே இல்லாமல் ஆட்டிக் காட்டினார். நாங்களும் ஆட்டிப் பார்த்தோம். இத்தனை பெரியவர்கள் ஒன்றாகச் சேர்ந்து ஒரு திருட்டுத்தனத்துக்கு ஒத்துக்கொண்டதை என் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன். எனக்கு உள்ளங்கால்வரை குதித்தது.

மண்டப விளக்குகள் அணைந்தன. மேடையில் மட்டும் வெளிச்சம்.

முதலில் தைலம் வந்தது. முன்வரிசையில் ஒருவர் மூக்கைப் பொத்தினார். பிறகு 'டக்'. பிறகு 'டக்'. பிறகு சீடர்.

"ஏன் மிஸ், கீழ லைட் போடலயா?"

"பங்குச் சாமியார் திட்டுவார் சார். கரன்ட் பில்லு."

"அதுவும் சரிதான்."

"நெத்தில இருக்கற கண்ணாடியக் குடுங்க. லைட்டு பட்டுப் பளபளங்குது."

கொடுத்துவிட்டார்! இனி அவருக்குத் தன் மடிக்கு அப்பால் உலகமே கஞ்சித் தண்ணீர்தான்.

நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காருவது ஒரு தனி நிகழ்ச்சி. "ஐயா முழங்காலே, உன் கால்ல விழறேன், மடங்குப்பா," என்றார். மடங்கியது. "தோளே, நீ?" என்றார். தோளிடமிருந்து ஒரு நெட்டி பதிலாக வந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அப்பா கைக்குட்டையை முழுசாக வாய்க்குள் திணித்துக்கொண்டார்.

"மைக்ல ஏதாவது பேசுங்க சார்."

சீடர் மைக்கை இழுத்தார். சுற்றுமுற்றும் பார்த்தார். ஆள் இல்லை என்ற தைரியம் முகத்தில் வந்து உட்கார்ந்தது. குரலை மெலிதாக்கி, மூக்கில் ஏற்றி, ரயில்வே ஸ்டேஷனில் அறிவிப்புச் சொல்கிற அம்மாவாகவே மாறினார்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு! அறுபத்து மூன்று வருடம் தாமதமாக ஓடிக்கொண்டிருக்கும் அருள்சகாயம் பாசஞ்சர், இன்னும் சற்று நேரத்தில் முதலாவது நடைமேடைக்கு வந்து சேரும். வழியில் பாத்ரூமுக்காக நான்கு இடங்களில் நின்று வந்ததால் ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்!"

ஐயோ! மண்டபம் மொத்தமும் குலுங்கியது. சத்தமில்லாமல். நாற்காலிகள் நடுங்கின. ஓர் அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினார். நீங்களும் அடக்குங்கள். இன்னும் அந்த இடம் வரவில்லை.

அப்போது யாருடைய ஃபோனோ அடித்தது.

சீடர் நிமிர்ந்தார். "யாரு அங்க?"

ஃபோன்காரர் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"என்னோடதுதான் சார்," என்றார் குரு. தன் ஃபோனை எடுத்து, அடிக்காத ஃபோனை அணைத்து, பைக்குள் போட்டார். "வாசிங்க."

வாசித்தார்.

குரு அவருக்காகவே எழுதிக் கொடுத்த மெட்டு அது. மெதுவாகத் தொடங்கி, நடுவில் துள்ளிக்கொண்டு ஓடும். அவர் ஓடினார்! கால் கட்டை விரல் தாளம் போட்டது. உதடு தானாக முணுமுணுத்தது. எஃப் கார்டு வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அது சுத்தமாக, ஆறு கம்பியும் பேச, விழுந்து முடிந்திருந்தது. அடுத்த முறை வந்தபோது கண்ணை மூடவில்லை. அவர் கையைத்தான் பார்த்தேன். செதுக்கி வைத்ததுபோல இருந்தது அந்தக் கை. ஓர் இடத்தில் தப்பு வந்தது. "மன்னிக்கணும், தண்டவாளம் மாறிட்டேன்," என்று மைக்கிலேயே சொல்லிவிட்டு, அங்கிருந்தே பிடித்து ஓட்டினார். கடைசிக் கம்பியை மீட்டிவிட்டு, அது அடங்கும்வரை அசையாமல் இருந்தார்.

அத்தனை பேரும் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினோம்.

சீடர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மிஸ், அங்க என்னமோ ஆடுதே?"

"திரைச்சீலை சார். ஃபேன் காத்து."

"அம்மாடி, எவ்வளவு பெரிய திரை!" என்றார். கிட்டாரைத் தட்டிக் கொடுத்தார். "மிஸ், இதே மாதிரி அஞ்சு மணிக்கும் வாசிச்சுட்டேன்னா, மச்சான் பையன் செவுத்துல காலண்டர்தான் மாட்டணும்!"

எழுந்து, காலி நாற்காலிகளுக்கு ஒரு கும்பிடு போட்டார். ராஜா மாதிரி, இடுப்பு வரை குனிந்து.

அதற்கு மேல் ஒருவரால் தாங்க முடியவில்லை. இரண்டாவது வரிசை இருட்டிலிருந்து ஸ்டெல்லா அம்மாவின் குரல் வந்தது.

"ஏங்க! சட்டைப் பட்டன மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டு என்னங்க கும்பிடு!"

சீடர் குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"...ஸ்டெல்லா?"

இப்போது! இதுதான் அந்த இடம்! மண்டபம் வெடித்தது. அரை மணி நேரமாக அடக்கி வைத்த சிரிப்பு, கைதட்டல், இருமல், தும்மல் எல்லாம் ஒன்றாக. வராந்தாவிலிருந்தவர்கள் ஓடி வந்தார்கள். யாரோ எல்லா விளக்கையும் போட்டார்கள். குரு கண்ணாடியை நீட்டினார். சீடர் மாட்டினார். ஒவ்வொரு வரிசையாகப் பார்த்தார். கடைசி வரிசை வரை பார்த்தார்.

அவர் சிரிக்கவில்லை. நாங்கள் மெல்ல அடங்கினோம். ஒருவேளை தப்புப் பண்ணிவிட்டோமோ என்று குருவைப் பார்த்தோம். மேடையில் கிட்டாரின் பெட்டி திறந்தே கிடந்தது.

அவர் தன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். அது நடுங்கியது. போன வருடம்போலவே, கிடுகிடுவென்று.

"பாருங்க மிஸ்," என்றார். குரல் இறங்கிப் போயிருந்தது. "பாத்தீங்களா? வந்துருச்சு. அப்ப வயசுதானே?"

கண்ணாடியைக் கொடுத்ததிலிருந்து குரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். மெதுவாக எடுத்து, அவருடைய கைக்குப் பக்கத்தில் நீட்டினார்.

குருவின் கை அதைவிட அதிகமாக நடுங்கியது.

சீடர் அந்தக் கையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். மறுபடி அந்தக் கையைப் பார்த்தார். அவருடைய வாய் லேசாகத் திறந்தது.

"எனக்கு இருபத்தொம்பது சார்," என்றார் குரு.