ஏழெட்டு எவ்வளவு?

மடத்தில் எதை வேண்டுமானாலும் துறக்கலாம், இலைக்கணக்கை மட்டும் துறக்க முடியாது. துறந்தால் பந்தியில் அடிதடி. ஆகவே அன்னதானக் கூடத்தைக் கவனித்துவந்த சீடர் தணிகாசலம், மனக்கணக்குப் பழக மதியங்களில் அலுவலகக் கணினி வேண்டும் என்று கேட்டபோது குரு மறுக்கவில்லை.

அது குழந்தைகளுக்கான விளையாட்டு. விடை சரியென்றால் ஒரு முயல் குதிக்கும். தவறென்றால் காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு, 'நாளைக்கு மறுபடி கேட்கிறேன்' என்று சொல்லும்.

ஒரு நாள் குரு பின்னால் வந்து நின்றார். திரையில் 7 × 8. தணிகாசலம் 54 என்று அடித்தார். முயல் காதைத் தொங்கப்போட்டது.

மறுநாளும் குரு வந்தார். அதே கணக்கு திரையில் நின்றது.

"ஆயிரம் நாமத்தைத் தடுமாறாம சொல்ற. ஏழெட்டு வரலையா?"

"அம்பத்தாறு, சாமி."

"நேத்து முயல்கிட்ட வேற சொன்னியே."

தணிகாசலம் திரையின் மூலையைக் காட்டினார். அங்கே 'வணக்கம், நறுமுகை' என்று இருந்தது.

"எம்பொண்ணு, சாமி. இது அவ விளையாடினது. அவ தவறிப் போனப்புறம் அவ பேர்லயே நான் ஆடிட்டிருக்கேன்."

"அவளுக்கு ஏழெட்டு அம்பத்தி நாலா?"

"அடிச்சுச் சொல்லுவா. வாய்ப்பாட்டைக் காட்டினா, அச்சுப்பிழைம்பா."

குரு சிரித்துவிட்டார். தணிகாசலமும் சிரித்தார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவ தப்பாப் போட்டதெல்லாம் தினம் வந்துக்கிட்டிருந்தது, சாமி. அதெல்லாம் அவ தப்புன்னு எனக்கு அப்பத் தெரியல. ஒவ்வொண்ணாச் சரியாப் போட்டுத் தீர்த்துட்டேன். மிச்சம் இது ஒண்ணுதான். இதையும் சரியாப் போட்டா, இனிமே வராது."

"அதனால?"

"அதனால அவ விடையையே போடுறேன். தெரிஞ்சே தப்பாப் போடுறது பொய்தானே, சாமி?"

குரு ஒரு நாற்காலியை இழுத்து அருகில் போட்டு உட்கார்ந்தார்.

"போடு" என்றார்.

தணிகாசலம் 5 அடித்தார். அடுத்த இலக்கத்துக்குப் போன விரல் அந்தரத்தில் நின்றது.

"எதைப் போடட்டும், சாமி?"

"இதுக்கு நேரக் கெடு ஏதாவது இருக்கா?"

"இல்ல, சாமி."

"அப்ப இரு. அஞ்சு வரைக்கும் ரெண்டு பேர் விடையும் ஒண்ணுதான்."