கள் போன தடம்

ஆவணி எட்டாம் நாள். சபையில் நான் எழுதிய நேற்றைய வழக்கோலையில் தயிர்க்காரி பொன்னுருவிக்கு முறிந்தது வலது கால் என்று எழுதிவிட்டேன். இடது கால். எதிரே இருந்தவளின் இடப்பக்கம் எனக்கு வலமாகத் தெரிந்தது. வழக்கெழுதும் மாலை வகுப்பில் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுத்தார்கள். திருத்திவிட்டேன். இனி நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

எங்கள் அரசருக்கு மனதில் ஒன்று தோன்றினால் பொழுது சாய்வதற்குள் அது சட்டமாகிவிடும். அவருக்குத் தேர் என்றால் உயிர். தேர்ப்பாகன் சடையன் என்றால் அதற்கும் மேல். சடையன், மந்திரி வச்சிரபாகுவின் மனைவிக்குத் தம்பி. தேர்ப் போட்டியில் அரசரை ஐந்து முறை ஜெயிக்க வைத்தவன். ஆனால் கள் குடித்துவிட்டால் குதிரைக்குத் தெரிந்த வழிகூட அவனுக்குத் தெரியாது.

ஆவணி ஐந்தாம் நாள், கடைத்தெருவில் தயிர்ப்பானையோடு நடந்துபோன பொன்னுருவியின் மேல் அவன் தேரை ஏற்றிவிட்டான். மூன்று மாதம் காலை ஊன்றக் கூடாது என்று எலும்பு கட்டும் வைத்தியர் சொல்லிவிட்டார். அவள் நடந்து விற்றால்தான் வீட்டில் உலை கொதிக்கும். கணவன் இல்லை. சின்னப் பெண்கள் இரண்டு பேர்.

நேற்று அவளைக் கட்டிலோடு தூக்கி வந்து சபையில் வைத்தார்கள்.

"சாமி, அவனை அடிக்கணும்னு எனக்கு ஆசை இல்லை. மூணு மாசத்துக்கு எங்க மூணு வயித்துக்கும் வழி சொல்லுங்க. தெருவோரமாத்தான் போனேன். அதுக்கு மேலயும் ஒதுங்கணும்னா சுவத்துக்குள்ளதான் போகணும்" என்றாள்.

மந்திரி எழுந்தார். "அரசே, அன்று சடையன் தன் நினைவில் இல்லை. நினைவில்லாதவனை எப்படிக் குற்றவாளி என்பது? தேரை ஓட்டியது அவன் வயிற்றில் இருந்த கள்."

அரசருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. "அதுதானே. சடையன் நல்லவன். கள்தான் கெட்டது. நட்டத்தைக் கள்ளே கொடுக்கட்டும்."

விகடகவி அம்பலவருக்கு அரசர் பக்கத்தில் பீடம் போட்ட நாளிலிருந்து மந்திரிக்குச் சோறு இறங்குவதில்லை. மந்திரி சிரித்துக்கொண்டே, "கள்ளிடம் வசூலிக்க நம் அம்பலவரை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்றார்.

"சரி. அம்பலவா, நாளை உச்சிப்பொழுதுக்குள் கள்ளிடம் நட்டத்தை வாங்கிக் கொடு. முடியாவிட்டால் இவள் வழக்கு தள்ளுபடி. நீயும் இவளோடு சபையை விட்டுப் புறப்பட்டுவிடு" என்றார் அரசர்.

அம்பலவர், "உத்தரவு, மகாராஜா. வழக்கமான முறைப்படி வாங்கலாமா?" என்று மட்டும் கேட்டார். அரசர் தலையசைத்தார்.

எந்த முறை என்று எனக்கு விளங்கவில்லை. சாட்சிக்கு ஆள் வேண்டும் என்று மாலையில் அம்பலவர் என்னைக் கள்ளுக்கடைக்குக் கூட்டிப் போனார். வகுப்பு போயிற்று. அன்று சடையன் நான்கு மொந்தை குடித்தான் என்று கடைக்காரர் சொன்னதை எழுதிக்கொண்டேன். அதை வைத்து என்ன செய்ய முடியும் என்று படுக்கும்வரை யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

இன்று காலை அம்பலவர் சபைக்குள் நுழைந்தபோது அவர் கையில் காவல்காரர்களின் சுவடு பிடிக்கும் கோல் இருந்தது. எங்கள் நாட்டில் மாடு களவு போனால், காவல்காரர்கள் அந்தக் கோலால் குளம்படியை அளந்துகொண்டே தொடர்ந்து போவார்கள். தடம் எவர் எல்லைக்குள் போய் நிற்கிறதோ அவர் நட்டத்தைக் கொடுக்க வேண்டும். தடம் தன் எல்லையைத் தாண்டிப் போனதாகக் காட்டிவிட்டால் அவருக்குப் பொறுப்பில்லை. அடுத்த எல்லைக்காரர் கொடுக்க வேண்டும்.

"மகாராஜா, குற்றவாளியின் தடத்தைப் பிடித்துவிட்டேன். கள்ளுக்கடையில் புறப்பட்டிருக்கிறது. நான்கு மொந்தை. சாட்சி ஓலையில் இருக்கிறது." சடையன் அருகே போய்க் கோலை அவன் மோவாயில் வைத்தார். "தடம் இந்த வாசல் வழியாக உள்ளே போகிறது. வாயைத் திற தம்பி, சபை பார்க்கட்டும்."

சடையன் திறந்தான். முன்வரிசைக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"தடம் நின்ற இடம் இதுதான். எனவே நட்டத்தைக் கொடுக்க வேண்டியது சடையன்."

மந்திரி துள்ளி எழுந்தார். "அந்தக் கள் மூன்று நாளாக உள்ளேயே இருக்குமா? அது அன்றே வெளியேறிவிட்டது, அரசே."

"அப்படியானால் வெளியே போன தடத்தைக் காட்டட்டும். காட்டினால் சடையனுக்குப் பொறுப்பில்லை. இதை நானே ஒப்புக்கொள்கிறேன்."

மந்திரி மைத்துனன் பக்கம் திரும்பினார். "சொல்லுடா, அன்னைக்கு எங்கே போய் ஒதுங்கினே?"

"வேணாம் அத்தான்."

"பயப்படாதே. நான் இருக்கேன்ல."

"நீங்க இருக்கிறதாலதான் அத்தான் யோசிக்கிறேன்."

"இடத்தைச் சொல்லித் தொலை."

சடையன் தலையைக் குனிந்துகொண்டான். "தேர் மோதினதும் பயத்துல ஓடி வந்தேனா, உங்க நெல் களஞ்சியம்தான் கண்ணுல பட்டுச்சு. அதோட பின்சுவத்துல."

இதை எந்தச் சொல்லில் எழுதுவது என்று தெரியாமல் என் எழுத்தாணி நின்றது. அம்பலவர் குனிந்து, "'தடம் களஞ்சியச் சுவரை அடைந்தது' என்று எழுது, போதும்" என்றார்.

மந்திரி விடவில்லை. "சுவரிலா நிற்கும்? எப்போதோ மண்ணுக்குள் இறங்கியிருக்கும்."

"யார் மண், மந்திரியாரே?"

மந்திரி உட்கார்ந்துவிட்டார். அந்த மண் அவருடையது.

முதலில் கட்டிலில் கிடந்த பொன்னுருவிதான் சிரித்தாள். பிறகு அரசர் சிரித்தார். முத்துமாலை அறுந்து உருளும் அளவுக்குச் சிரித்தார். அது அடங்கியதும், "வச்சிரபாகு, களஞ்சியத்தைத் திற. அவள் கால் ஊன்றும்வரை மூன்று பேருக்கும் நெல் உன் பொறுப்பு. வைத்தியர் கூலியும் உன் பொறுப்பு" என்றார். சடையன் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் சிரிப்பில்லை. "இவள் நடக்கும்வரை நீ தேரைத் தொடக் கூடாது. இவள் தயிரைச் சுமந்து விற்று, இவளிடமே கொடு."

"பானையைக் கீழ போட்டா அதுக்கும் தடம் பிடிப்பேன்" என்றாள் பொன்னுருவி.

"அம்பலவா, மோதிய அந்தத் தேரை உனக்கே தந்தேன்" என்றார் அரசர்.

"குதிரைகளை அவிழ்த்துவிட்டுத் தாருங்கள், மகாராஜா. அது என் வாசலில் சும்மா நின்றால் ஊருக்கு நல்லது."

அரசர் மறுபடியும் சிரித்து, தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து அவருக்குப் போர்த்தினார்.

தீர்ப்போலையை மூன்று முறை படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் கண்ணில் படவில்லை. நாளைய வேலை: விடிந்ததும் களஞ்சியத்துக்குப் போய் முதல் மாத நெல்லை அளந்து வாங்குவது, மாட்டுவண்டியில் ஏற்றிப் பொன்னுருவி வீட்டில் இறக்குவது. வண்டியை நானே ஓட்ட வேண்டும்.