குளம் தெரிகிற ஜன்னல்

நெடுவயலில் ஏகாம்பரம், சபாபதி, துரைக்கண்ணு என்று அண்ணன் தம்பிகள் மூன்று பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். எந்த வேலைக்கும் வெளியாள் வைக்க மாட்டார்கள். வெளியாள் கெடுத்துவிடுவானாம். அதனால் எல்லாவற்றையும் தாங்களே கெடுத்துக்கொண்டார்கள்.

மூத்தவர் ஏகாம்பரத்தின் மகள் பவளத்தைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாக ஏற்பாடு. கூடத்து ஜன்னலோ கரையான் அரித்து, தொட்டால் உதிர்ந்தது.

"வர்றவங்க கண்ணு முதல்ல அதுலதான் விழும். மாத்திருங்க" என்றாள் ஏகாம்பரத்தின் மனைவி கனகு.

ஜன்னல் கடை சவரிமுத்துவுக்குப் போன் போட்டார்கள். "அளவு எடுத்துட்டு வாங்க" என்றார் அவர்.

டேப்பைக் கையில் எடுத்ததும் கடைசித் தம்பி துரைக்கண்ணுவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"அண்ணே, திறந்து வச்சு அளக்கணுமா, மூடி வச்சு அளக்கணுமா?"

மூவரும் உட்கார்ந்து யோசித்தார்கள். நல்ல கேள்வி என்பதால் காப்பி குடித்துவிட்டு மறுபடியும் யோசித்தார்கள்.

"மூடிட்டா அது சுவர் மாதிரிதான். திறந்தாத்தான் ஜன்னல்" என்று தீர்ப்புச் சொன்னார் சபாபதி.

இரண்டு கதவையும் அகல விரித்து, இந்தக் கதவின் நுனியிலிருந்து அந்தக் கதவின் நுனி வரை அளந்தார்கள்.

சவரிமுத்துவின் கடை குளத்தங்கரையில் இருந்தது. திறந்த கொட்டகையில் ஜன்னல்களை வரிசையாக நிறுத்தியிருந்தார். "தேக்கா, அலுமினியமா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் அப்புறம். முதல்ல என்ன தெரியுதுன்னு பார்ப்போம்" என்று ஏகாம்பரம் ஒவ்வொன்றின் வழியாகவும் எட்டிப் பார்த்தார்.

"இது வேண்டாம், கறிக்கடை தெரியுது. இதுல ஒருத்தன் பல் விளக்கிட்டு இருக்கான். தினமும் இவன் மூஞ்சியில முழிக்கவா?"

மூலையில் ஒரு பெரிய ஜன்னல். அதன் வழியே குளம், தாமரை, ஒரு கொக்கு. அளவும் அச்சாகப் பொருந்தியது. கொக்கு பறந்து போவதற்குள் வாங்கிவிட்டார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தால் அது சுவரில் நுழையவில்லை.

"ஜன்னல் சரியாத்தான் இருக்கு. ஓட்டைதான் சின்னது" என்றார் சபாபதி. கடப்பாரை வந்தது. பாதிச் சுவர் போனது. ஒருவழியாகப் பொருத்தி, கனகுவைக் கூப்பிட்டு நிறுத்திக் கதவைத் திறந்தார்கள்.

பக்கத்து வீட்டு எருமையின் பின்புறம் தெரிந்தது.

"ஏமாத்திட்டான்!" என்றார் ஏகாம்பரம்.

"அவசரப்படாதீங்க. புதுசு இல்லையா? கொஞ்சம் பழகினா தெரியும்" என்றார் துரைக்கண்ணு.

சாயங்காலம் வரை காத்திருந்தார்கள். எருமை சாணி போட்டது. குளம் வரவில்லை. கனகு தலையில் கை வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஜன்னலைப் பெயர்த்து டெம்போவில் ஏற்றிக் கடைக்கே கொண்டுபோனார்கள்.

"ஐயா, இது இங்கே இருந்தாத்தானே குளம் தெரியும்!" என்று கத்தினார் சவரிமுத்து.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "இதை முதல்லயே சொல்லக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டார் ஏகாம்பரம். "சரி, இங்கேயே இருக்கட்டும். நாங்க வந்துக்கறோம்."

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளை வீட்டாரைக் கடைக்கே வரச் சொல்லிவிட்டார்கள். வீட்டில்தான் பாதிச் சுவர் இல்லையே. பவளம் பட்டுப்புடவையோடு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்பா, அவங்க பார்க்க வர்றது என்னையா, ஜன்னலையா?"

"ரெண்டு பேரையும்தாம்மா."

மாப்பிள்ளையின் தகப்பனார் மாசிலாமணி ஜன்னல் வழியாக வெகு நேரம் பார்த்தார். மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தனியாகப் போய்க் குசுகுசுவென்று பேசினார்கள். ஏகாம்பரம் துண்டால் ஜன்னல் சட்டத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"சம்பந்தி, எங்களுக்குப் பரிபூரண சம்மதம்" என்றார் மாசிலாமணி. "ஒரே ஒரு குறைதான்."

"என்ன குறை? தயங்காம சொல்லுங்க."

"குளம் ரொம்பப் பெரிசா இருக்கு. எங்க வீட்டுல வைக்க இடம் பத்தாது."

ஏகாம்பரம் நிம்மதியாக மூச்சு விட்டு, சவரிமுத்துவின் பக்கம் திரும்பினார்.

"ஏங்க, இதுலயே சின்னக் குளமா ஒண்ணு இருந்தா எடுத்துக் காட்டுங்க."