பிள்ளையாரை இடம் வந்தவர்

கேப்டன் குற்றாலிங்கம் முப்பது வருஷம் பெரிய ஜெட் விமானங்களை ஓட்டியவர். இறங்க வேண்டிய ஊர் கண்ணுக்குத் தெரியும் முன்பே ரேடார்காரர்கள் வழி சொல்லிவிடுவார்கள். இவர் நேர்கோட்டில் வந்து இறங்கிவிட்டுப் பெட்டியோடு ஓட்டலுக்குப் போய்விடுவார். ஐம்பத்தாறாவது வயதில் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. ஒன்பது பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் டர்போப்ராப் விமானம் ஓட்டும் வேலைக்காக, கரிசல் காட்டு நடுவில் ஒரு சின்ன விமானத் தளத்துக்கு வந்து சேர்ந்தார்.

அங்கே ரேடார் கிடையாது. ஓடுதளத்தை இடப்பக்கம் வைத்துக்கொண்டு அதற்கு இணையாகப் பறந்து, இடப்பக்கமே இரண்டு முறை திரும்பி இறங்க வேண்டும். விமானி உட்காருவது இடது இருக்கை. அதனால் அப்படி வழக்கம். இதில் ஒரு கஷ்டமும் இல்லை. ஓடுதளத்தின் ஓரத்தில் பிள்ளையார் கோயில் இருந்ததுதான் கஷ்டம்.

விபூதி பூசாமல் காபி குடிக்காத மனிதர் அவர். பிள்ளையாரை வலம் வரலாம், இடம் வரலாமா? அதுவும் ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, ஷூ காலோடு, அவர் தலைக்கு மேலே! இடப்பக்கம் பார்க்கவே கேப்டனுக்குத் துணிச்சல் வரவில்லை. நேராகப் பார்த்தபடி மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார். திரும்ப வேண்டிய இடம் எப்போதோ போயிருக்கும்.

"சார், காற்றாலை வந்துடுச்சு" என்பார் பயிற்சி கொடுத்த ஜெசிந்தா.

"பார்த்தேன் மேடம்."

"அது அடுத்த தாலுகா சார்."

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரர், வயது முப்பத்து நான்கு. ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. கேப்டனுக்கு அதுவே பெரிய பயம்.

வேலை உறுதியாவதற்கு ஜெசிந்தா வைத்த முதல் இரண்டு தேர்விலும் கோட்டை விட்டார். மூன்றாவதுதான் கடைசி. அதிலும் தவறினால் இந்த வேலை போய்விடும். இந்த வயதில் வேறு யாரும் கூப்பிட்டு விமானத்தைக் கையில் கொடுக்கப் போவதில்லை. இனிமேல் பறக்கவே முடியாது என்று நினைத்தாலே அந்தப் பெரிய மனிதருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

தேர்வு நாள் காலையில் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டார்.

"மேடம், வலப்பக்கமா சுத்தி இறங்கினா என்ன?"

"ஏன் சார்?"

காரணத்தைச் சொன்னார். ஜெசிந்தா சிரிக்கவில்லை.

"சரி சார். முதல் சுற்று வலமே வருவோம்."

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். கேப்டனுக்குப் பரம சந்தோஷம். ஆயிரம் அடி ஏறி, வலப்பக்கம் திரும்பி, ஓடுதளத்துக்கு இணையாக வந்ததும் ஆசையோடு வலப்பக்கம் பார்த்தார். ஜெசிந்தாதான் தெரிந்தார்.

"மேடம், கொஞ்சம் பின்னால சாயுங்களேன்."

சாய்ந்தார். தோள் மறைத்தது.

"கொஞ்சம் முன்னால?"

முன்னால் வந்தார். தலை மறைத்தது.

"ஓடுதளம் எங்க மேடம்?"

"இங்கதான் இருக்கு சார்."

"எனக்குத் தெரியலையே!"

"எனக்கு நல்லாத் தெரியுது."

"பிள்ளையார்?"

"அவரும் தெரியறார். புது வேஷ்டி கட்டியிருக்காங்க போல."

குத்துமதிப்பாக ஒரு திருப்பம் திரும்பினார் கேப்டன். அது முடிந்தபோது ஓடுதளம் எங்கேயோ கிடந்தது. இறங்காமல் மறுபடி மேலே ஏறினார்கள். அவர் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"இப்போ இடம் வாங்க சார்" என்றார் ஜெசிந்தா.

இடப்பக்கம் திரும்பிச் சுற்றி வந்தார். கோயிலுக்கு நேராக வந்தபோது கேப்டனின் கண்கள் வழக்கம்போல நேராக நின்றன. உதடு முணுமுணுக்க ஆரம்பித்தது. ஜெசிந்தா கையை நீட்டி, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பவர் லீவரைப் பின்னுக்கு இழுத்தார். அவ்வளவு நேரம் இருந்த இரைச்சல் அடங்கிவிட்டது.

"எஞ்சின் நின்னுடுச்சு சார்."

"நிக்கலையே, நீங்கதான இழுத்தீங்க!"

"நின்னுடுச்சுன்னு வச்சுக்குங்க. இருந்ததே ஒண்ணுதான்."

ஜெட்டில் ஒன்று நின்றால் இன்னொன்று இருக்கும். இங்கே அந்தப் பேச்சுக்கே இடமில்லை. விமானம் இறங்க ஆரம்பித்தது. கேப்டன் தலையை வெடுக்கென்று இடப்பக்கம் திருப்பினார்.

ஜன்னல் நிறைய ஓடுதளம் இருந்தது. அதன் இந்த முனையும் அந்த முனையும் தெரிந்தன, பக்கத்தில் பிள்ளையாரும் தெரிந்தார். அவர் பிள்ளையாரைக் கவனிக்கவில்லை. உயரத்தைப் பார்த்தார், தூரத்தைப் பார்த்தார், திரும்பினார். மறுபடி ஓடுதளத்தைப் பார்த்துக்கொண்டே திரும்பினார். காற்றாலை பக்கம் போக அவருக்கு நேரமே இல்லை. ஓடுதளத்தில் போட்டிருந்த கோட்டிலேயே சக்கரங்கள் தரையைத் தொட்டன.

விமானத்தை நிறுத்தியதும் ஜெசிந்தா மடியில் தாளை வைத்துக் கையெழுத்துப் போட்டார்.

"பாஸ் சார்."

கேப்டனுக்குக் கண் கலங்கிவிட்டது. துடைத்துக்கொண்டார். பிறகு பழைய கவலை மெல்லத் தலைகாட்டியது.

"மேடம், முழுசா இடம் வந்துட்டேன். அந்த நேரத்துல அவரை நினைக்கக்கூட இல்ல. இனிமே தினமும் இப்படித்தான் வரணும். கோவிச்சுக்கிட்டு அவர் என்னைக் கைவிட்டுட்டா?"

ஜெசிந்தா பேனாவை மூடினார்.

"உங்களை அவர் பார்த்துக்குவார் சார். ஓடுதளத்தை நீங்க பார்த்துக்குங்க."